ஆறாம் இடத்திலிருந்து அணியைக் கட்டினோம்

கல்லூரி டென்னிஸ் அணியில் மூத்தவர்கள் ஒரே வருடத்தில் கூட்டமாகப் போய்விட்டால், மிச்சம் இருப்பவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்பது, "அடுத்த வருஷம் உங்க நம்பர் ஒன் யாரு?" என்பதுதான். எங்களையும் அதைத்தான் கேட்டார்கள். நாங்கள் அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒற்றையர் ஆடும் ஆறு பேரில் கடைசியான ஆறாம் இடத்தில் யார் ஆடப்போகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். அந்த சீசன் தேறியதற்குக் காரணமே அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கல்லூரி அணியை நடத்துகிறவர்களுக்கும், வெளிநாட்டில் டென்னிஸ் ஆடிக்கொண்டே படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் படித்தது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சிறிய கல்லூரியில். அங்கே கல்லூரி விளையாட்டை என்சிஏஏ என்ற அமைப்பு மூன்று டிவிஷன்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. எங்கள் பெண்கள் அணி ஆடியது டிவிஷன் 3-இல். இந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிப்புக்காகவோ குடும்பத்தின் பண நிலையைப் பார்த்தோ கல்லூரி தரும் உதவி மட்டும்தான். நான் ஆடிய காலத்தில் டிவிஷன் 1 பெண்கள் அணி ஒன்றுக்கு 8 முழு உதவித்தொகைகளும், ஆண்கள் அணிக்கு 4.5-ம் இருந்தன. பெண்களுக்கு அதிகமாக இருந்ததற்கு 1972-இல் வந்த 'டைட்டில் நைன்' என்ற சட்டம் ஒரு காரணம். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று சொன்ன சட்டம் அது, கல்லூரி விளையாட்டுக்கும் பொருந்தும். ஆண்களின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கே ஏராளமான உதவித்தொகைகள் போய்விடும். அதை மற்ற விளையாட்டுகளில் ஈடுகட்டினார்கள். எங்களுக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. பணம் கொடுத்து ஆள் சேர்க்க வழி இல்லாத அணி எங்களுடையது. யார் கல்லூரிக்குப் படிக்க வருகிறார்களோ அவர்களை வைத்துத்தான் ஆடவேண்டும்.

என் மூன்றாம் வருடம் முடிந்த மே மாதத்தில், ஒற்றையர் ஆடிய ஆறு பேரில் நான்கு பேர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது நாலாம் இடத்தில் ஆடிய நானும், ஐந்தாம் இடத்தில் ஆடிய ஒரு பெண்ணும். அவளும் இலையுதிர் பருவம் முழுக்க ஒரு ஐரோப்பிய நாட்டில் படிக்கப்போவதாக ஏற்கெனவே பதிவு செய்திருந்தாள். சின்னக் கல்லூரிகளில் இது சகஜம். ஆட்டத்துக்காக அதை விடச் சொல்ல எங்கள் கோச்சுக்கு மனம் வராது. கேப்டன் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஆட்ட முறையைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. நான் ஆடியபோது டிவிஷன் 3-இல் ஒரு மோதலுக்கு மொத்தம் 9 பாயின்ட். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றும் எட்டு கேம் எடுத்தால் வெற்றி என்ற ப்ரோ செட், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயின்ட். அடுத்து ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஆளுக்கு ஒரு பாயின்ட். 5 எடுத்த அணிக்கு வெற்றி. டிவிஷன் 1-இல் மூன்று இரட்டையரையும் சேர்த்து ஒரே பாயின்ட்தான், மொத்தம் 7, நாலு எடுத்தால் போதும். எந்த முறையானாலும், ஆறாம் இடத்தில் ஜெயிப்பவள் கொண்டுவரும் பாயின்டும் முதலிடத்தில் ஜெயிப்பவள் கொண்டுவரும் பாயின்டும் ஒரே மதிப்பு. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் அணி கட்டும்போது யாரும் இதை வைத்து யோசிப்பதில்லை.

அந்த மே மாதக் கடைசியில் கோச்சும் நானும் உட்கார்ந்து, முந்தைய இரண்டு சீசன்களின் ஸ்கோர்களை ஒரு பெரிய தாளில் எழுதினோம். எந்த இடத்தில் எத்தனை ஜெயித்தோம், எத்தனை தோற்றோம் என்று இடவாரியாக. எங்கள் முதலிடத்துப் பெண் நல்ல ஆட்டக்காரி, எல்லோரும் அவளைத்தான் பேசுவார்கள். ஆனால் அவளுக்கு எதிரே நிற்பவளும் அந்தந்தக் கல்லூரியின் தலைசிறந்தவள்தானே. அவளுடைய கணக்கில் வெற்றியும் தோல்வியும் ஏறக்குறையச் சரிபாதி. எங்களை ஜெயிக்க வைத்தது ஐந்தாம், ஆறாம் இடங்களும் மூன்றாம் இரட்டையரும்தான். 5-4 என்று நூலிழையில் முடிந்த மேட்ச்கள் எல்லாவற்றிலும் அந்த மூன்று இடங்களில் குறைந்தது இரண்டு எங்களுடையதாக இருந்தன. தாளைப் பார்த்த பிறகு கோச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "மேலே ஆடப்போறவங்க எப்படியும் கஷ்டப்படப்போறாங்க. அதை இப்பவே ஒத்துக்கலாம். கீழே மூணு இடத்தை யாராலயும் அசைக்க முடியாதபடி பண்ணலாம்."

மேலே இருப்பவர்கள் போனால் காலியாவது மேல் இடங்கள் போலத் தெரியும். உண்மையில் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள், நாலு ஒன்றாகும், ஐந்து இரண்டாகும். ஓட்டை விழுவது கீழே. அங்கேதான் ஆளே இருக்கமாட்டார்கள்.

"மேலே ஆடமுடியாதவளை மேலே நிறுத்திவிட்டு, நல்ல ஆட்டக்காரியை ஆறாம் இடத்தில் வைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். விதி இடம் கொடுக்காது. கல்லூரி டென்னிஸில் லைன்அப் திறமை வரிசைப்படிதான் இருக்கவேண்டும், இரட்டையரும் அப்படியே. மீறினால் எதிரணி ஆட்சேபிக்கலாம். மேட்ச் முடிவுகளையும் அணிக்குள் நடந்த சேலஞ்ச் மேட்ச் முடிவுகளையும் காட்டி நியாயப்படுத்த வேண்டியிருக்கும். ஒருத்தி காயப்பட்டு ஒற்றையரில் விலகினால், அவளுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் ஒரு படி ஏறவேண்டும். அந்த ஓட்டையில் புதியவளைச் செருக முடியாது. ஆகவே ஆறாம் இடத்தைப் பலப்படுத்த ஒரே வழி, ஆறாவதாக ஆடக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேரை வைத்திருப்பதுதான். எங்கள் உழைப்பு முழுக்க அதில் போனது.

ஆள் சேர்ந்தது இப்படி. கோச் ஒரு வருடத்துக்கு முன்பே கடிதம் எழுதி வந்த முதலாம் ஆண்டுப் பெண்கள் மூன்று பேர். அவர்களில் இருவருக்கு யூடிஆர் ரேட்டிங் நன்றாக இருந்தது. உலகம் முழுக்க ஆட்டக்காரர்களை 1-லிருந்து 16.5 வரை ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கும் ரேட்டிங் அது. ஆள் எடுக்கும் கோச்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். மூன்றாமவளுக்கு ரேட்டிங் சுமார்தான். ஆனால் உயர்நிலைப் பள்ளி அணிக்கு நாலு வருடமும் இரட்டையர் ஆடியவள். எனக்கு அவள்மேல்தான் கண். ஜூனியர் போட்டிகளில் வளர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஒற்றையரே ஆடி வந்திருப்பார்கள், பக்கத்தில் ஒருத்தி நிற்பதே அவர்களுக்குப் பழக்கம் இருக்காது.

இவர்களைத் தவிர, செப்டம்பர் முதல் வாரம் வளாகத்தில் அறிவிப்பு ஒட்டித் திறந்த தேர்வு வைத்தோம். வந்தவர்களில் இரண்டு பேரை எடுத்தோம். ஒருத்தி சாஃப்ட்பால் ஆடியவள். பந்தை எறியும் தோள் இருந்ததால் சர்வீஸ் சீக்கிரம் வந்துவிட்டது. இன்னொருத்தி ஏற்கெனவே இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள். முதல் வருடம் படிப்புச் சுமைக்குப் பயந்து அணிப் பக்கமே வராதவள். இப்படிப்பட்டவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருப்பார்கள். தேடிப் போய்க் கேட்கவேண்டும். விடுதியில், சாப்பாட்டுக்கூடத்தில், ஆய்வகத்தில், "ஸ்கூல்ல டென்னிஸ் ஆடியிருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்தக் கேள்வி எங்களுக்கு ஒரு நல்ல ஆட்டக்காரியைத் தந்தது.

அப்புறம் சேலஞ்ச் மேட்ச். அணிக்குள் ஒருத்தியோடு ஒருத்தி ஆடி இடத்தைத் தீர்மானிக்கும் முறை. ஒரு அணி உடைவதாக இருந்தால் இங்கேதான் உடையும். அறைத் தோழிகள் ஒருவரை ஒருவர் ஆடவேண்டியிருக்கும், தோற்றவள் இரவு அதே அறைக்குத்தான் திரும்பவேண்டும். அதனால் முதல் பந்து அடிப்பதற்கு முன்பே விதிகளை எழுதி, எல்லோரும் படித்துக் கையெழுத்துப் போட்டோம். ஒரே ஒரு தோல்வியால் யாரும் கீழே இறங்கமாட்டார்கள், மூன்றில் இரண்டு வேண்டும். ஆட்டம் கோச் குறிக்கும் நாளில்தான் நடக்கும், உடம்பு சரியில்லை என்றால் முந்தைய நாள் இரவே சொல்லவேண்டும். பக்கத்துக் கோர்ட்டில் நின்று யாரும் கைதட்டக்கூடாது. வெளிப்போட்டி முடிவுகளுக்குச் சேலஞ்ச் மேட்சைவிட அதிக எடை உண்டு. இந்தக் கடைசி விதி முக்கியமானது. தோழியிடம் மட்டும் ஜெயிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. அவளுடைய பேக்ஹேண்ட் எங்கே தடுமாறும் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். வெளியாள் வந்தால் திணறுவார்கள்.

இடம் இறங்கியவளிடம் எப்படிச் சொல்வது என்பதையும் முடிவு செய்திருந்தோம். பலகையில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற நிலை வரக்கூடாது. கோச் நேரில் கூப்பிட்டு, காரணத்தையும், திரும்ப ஏற என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்வார். "கடுமையா உழை" என்றால் அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "செகண்ட் சர்வீஸை ஆழமாப் போடு, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்" என்றால் அவளுக்குப் போய்ச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. ஏழாம் இடத்துக்கு இறங்கிய பெண் அப்படிச் சொன்னதைக் கேட்டு, அன்று மாலையே கூடையில் பந்தை நிரப்பிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

இலையுதிர் பருவத்தில் அணிப் போட்டிகள் அதிகம் இருக்காது. தனிநபர் போட்டிகள்தான், அதில் ஐடிஏ என்ற கல்லூரி டென்னிஸ் சங்கம் நடத்தும் வட்டாரப் போட்டி பெரியது. நாங்கள் அதை முழுக்க இரட்டையரைச் சோதிக்கும் களமாக எடுத்துக்கொண்டோம்.

இரட்டையர் பற்றி நிறையச் சொல்லவேண்டும். சின்ன அணி ஒன்று தன்னைவிடப் பலமான அணியை ஜெயிக்க முடியும் என்றால் அது பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். மூன்று பாயின்ட் கையில் கிடைக்கிறது. 2-1 என்று முன்னால் இருந்தால் ஆறு ஒற்றையரில் மூன்று போதும், 1-2 என்று பின்தங்கினால் நாலு வேண்டும். ஒற்றையரில் தரம் பேசும், இரட்டையரில் பழக்கமும் பேச்சும் சேர்ந்து பேசும். ஒற்றையரில் எங்களைவிட எல்லா இடத்திலும் உயர்ந்த அணிகளிடம்கூட இரட்டையரில் முன்னிலை எடுத்திருக்கிறோம்.

பல அணிகள் ஒற்றையர் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் சேர்த்து முதல் ஜோடி, அடுத்த இருவரைச் சேர்த்து இரண்டாம் ஜோடி என்று போடும். நாங்கள் அப்படிப் போடவில்லை. மூன்று ஜோடியிலும் நெட்டில் தைரியமாக நிற்கும் ஒருத்தி, எதிரணியின் சர்வீஸைத் திருப்பியடிக்கும் ரிட்டர்னைத் தவறாமல் போடும் ஒருத்தி என்று பிரித்தோம். ஜோடிகளின் வரிசை திறமைப்படி இருக்கவேண்டுமே தவிர, யாரை யாரோடு சேர்ப்பது என்பது நம் இஷ்டம். பள்ளியில் இரட்டையர் ஆடிய முதலாம் ஆண்டுப் பெண் ஒற்றையரில் முதல் ஆறுக்குள் வரவே இல்லை. ஆனாலும் இரண்டாம் ஜோடியில் நிரந்தரமாக ஆடினாள். மூன்றாம் ஜோடியில் சாஃப்ட்பால்காரி சேர்ந்தாள். நெட்டில் அவள்மேல் யார் எவ்வளவு பலமாக அடித்தாலும் கண் சிமிட்டமாட்டாள்.

யார் டியூஸ் பக்கம் (வலது), யார் ஆட் பக்கம் (இடது) என்பதை ஆட்டக்காரிகளின் விருப்பத்துக்கே முதலில் விட்டோம், பிறகு போட்டிகளில் ரிட்டர்ன் எத்தனை உள்ளே விழுந்தது என்று எண்ணி மாற்றினோம். எண்ணுவது பெரிய வேலை இல்லை. பெஞ்சில் இருப்பவள் கையில் ஒரு தாள், கோடு போட்டுக்கொண்டே போனால் போதும். எங்கள் மூன்றாம் ஜோடி பக்கம் மாறியதும் வேறு ஜோடி போல ஆடியது. வலது கைக்காரியான அந்தப் பெண்ணுக்கு பேக்ஹேண்ட் ரிட்டர்ன்தான் பலம் என்பது அவளுக்கே அதற்கு முன் தெரியாது.

பேச்சையும் பயிற்சியாகவே செய்தோம். ஒவ்வொரு பாயின்டுக்கு முன்பும் இரண்டு விஷயம்: சர்வீஸ் எங்கே போகப்போகிறது, நெட்டில் இருப்பவள் நகர்வாளா நிற்பாளா. பந்து தலைக்கு மேலே போனால் யாருடையது என்று கத்தவேண்டும். கூச்ச சுபாவமுள்ள பெண்களுக்கு இது சர்வீஸைவிடக் கடினம். பயிற்சியில் வாய் திறக்காமல் ஜெயித்த பாயின்டை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. சில வாரங்களில் எல்லோருக்கும் குரல் வந்துவிட்டது. எதிரணி ரிட்டர்னில் நன்றாகச் செட்டாகிவிட்டால் கலைப்பதற்கு 'ஐ ஃபார்மேஷன்' வைத்திருந்தோம். நெட்டில் இருப்பவள் நடுக்கோட்டருகே குனிந்து உட்கார்ந்து, சர்வீஸ் போனதும் ஏதாவது ஒரு பக்கம் பாய்வது. மூன்று ஜோடிக்கும் அதே கைச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தோம். காயத்தால் ஜோடி மாறினாலும் மொழி மாறக்கூடாது என்பதற்காக. வசந்த காலத்தில் அது அப்படியே உதவியது.

அக்டோபர் கடைசியில் இலையுதிர் பயிற்சி முடிந்துவிடும். அப்போதிருந்த டிவிஷன் 3 விதிப்படி, அதன் பிறகு பிப்ரவரி வரை கோச் பயிற்சி நடத்தக்கூடாது, கோர்ட்டில் நிற்கவும் கூடாது. மாணவர்கள் தாங்களாகவே ஆடிக்கொள்ளலாம், வருவதும் வராததும் அவரவர் விருப்பம். கேப்டனின் உண்மையான வேலை இந்த மாதங்கள்தான். ஒஹாயோ குளிரில் வெளிக் கோர்ட் பனிக்கு அடியில் இருக்கும். உள்ளரங்கக் கோர்ட்டை ஆண்கள் அணியோடும் ஓட்டப்பந்தய அணியோடும் பங்கு போடவேண்டும். எங்களுக்குக் கிடைத்தது விடியற்காலை நேரம். பனியில் பூட்ஸ் நனைந்து, காலை இருட்டில் நடந்து வரவேண்டும், கட்டாயம் என்றும் சொல்லமுடியாது.

கட்டாயப்படுத்த முடியாத இடத்தில் ஆட்களை வரவைப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி, ஒவ்வொரு நாளும் ஒருத்தியின் தேவைக்கென்று ஒதுக்குவது. திங்களன்று ஆறாம் இடத்துக்குப் போட்டியிடும் மூன்று பேருக்கும் செகண்ட் சர்வீஸ். அவர்கள் போடுவார்கள், மேலே ஆடுபவர்கள் ரிட்டர்ன் அடிப்பார்கள். புதனன்று யாருக்காவது வாலி, அதாவது பந்து தரையில் படுமுன் அடிப்பது. தனக்கான நாள் என்று தெரிந்தால் வருவார்கள். இன்னொருத்தியின் நாளில் போகாவிட்டால் அவள் தனியாக நிற்பாள் என்பதாலும் வருவார்கள். வேதியியல் ஆய்வகம் இருப்பவர்களின் கால அட்டவணையை வாங்கிச் சுவரில் ஒட்டி, அதைச் சுற்றித்தான் நேரம் போட்டோம். படிப்பு கெட்டால் ஆட்டமே போய்விடும். என்னைப் போல மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் முழுநேரப் படிப்பை விடாமல் வைத்திருக்கவேண்டும், அதில் அலட்சியமே கூடாது.

என் சொந்த ஆட்டத்தையும் அந்தக் குளிர்காலத்தில்தான் மாற்றினேன். கோயம்புத்தூரில் மண் கோர்ட்டில் வளர்ந்த கை என்னுடையது. பந்து எழும்பி வரும், ராக்கெட்டைப் பின்னால் நன்றாக இழுத்து மேல்சுழற்சி போட நேரம் இருக்கும். உள்ளரங்கக் கோர்ட்டில் பந்து தாழ்ந்து சறுக்கி வரும், இழுப்பதற்குள் தாண்டிப் போய்விடும். பின்னிழுப்பைப் பாதியாகக் குறைத்து, கோட்டுக்கு ஒட்டி நின்று, ரிட்டர்னைத் தள்ளிவிடுவதுபோல ஆடப் பழகினேன். தமிழ்நாட்டிலிருந்து போகிற பிள்ளைகள் இதைப் புறப்படுவதற்கு முன்பே பழகிக்கொள்வது நல்லது. எங்கேயாவது சிமென்ட் கோர்ட் இருந்தால் அதில் தாழ்வான பந்தை ஆடிப் பாருங்கள். சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வாங்கினார். அவர் எங்கோ உச்சியில் இருந்த ஆட்டக்காரர், எங்கள் ஆட்டத்தோடு ஒப்பிட முடியாது. இருந்தாலும் நம்மூர் மண்ணில் வளர்ந்தவர்கள் அங்கே போய் மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு அவர் பெயரைத்தான் நான் எனக்கே சொல்லிக்கொள்வேன்.

முதலிடத்தில் நான் ஆடினேன். ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். எனக்கு எதிரே நின்றவர்களில் பலர் என்னைவிட நல்ல ஆட்டக்காரிகள், அது தெரிந்துதான் நின்றேன். கோச் எனக்குக் கொடுத்த வேலை வேறு: சீக்கிரம் தோற்காதே. என் கோர்ட்டில் ஆட்டம் நீண்டால் பக்கத்தில் ஆடும் இளையவர்கள் ஸ்கோர் பலகையில் தோல்வியைப் பார்க்காமல் ஆடலாம். முதலிடம் அரை மணியில் 6-1, 6-0 என்று முடிந்துவிட்டால் மற்ற ஐந்து பேருக்கும் கை நடுங்க ஆரம்பிக்கும். இந்தக் கணக்கை எந்தப் புள்ளிவிவரத்திலும் பார்க்கமுடியாது. ஆனால் ஒரே நேரத்தில் ஆறு கோர்ட்டில் ஆடிப்பார்த்த எல்லோருக்கும் தெரியும். புதிய அணியின் மேல் இடத்தில் ஆடப்போகும் யாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் தன்னைத் தானே நொந்துகொண்டு அவள் உடைந்துபோகாமல் இருப்பாள்.

கோடு அழைப்பு பற்றியும் சொல்லவேண்டும். கல்லூரி ஆட்டத்தில் தன் பக்கத்து பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆட்டக்காரர்களே சொல்லவேண்டும். எங்கள் மட்டத்தில் ஒரே நடுவர் பல கோர்ட்டுகளைச் சுற்றி வருவார். வெளியே விழுந்ததைத் தெளிவாகப் பார்த்திருந்தால் மட்டும்தான் 'அவுட்', சந்தேகம் என்றால் பந்து உள்ளே. புதிய பெண்களோடு முதல் வாரமே இதைப் பேசி முடித்தோம். இளையவர்கள் பதற்றத்தில் பார்க்காத பந்தையும் அவுட் என்று சொல்லிவிடுவார்கள், கெட்ட எண்ணத்தால் இல்லை. ஒரு தடவை அப்படிச் சொன்னால் எதிரணி முழுக்கக் கொதித்துவிடும், அதன்பின் பக்கத்துக் கோர்ட்டுகளிலும் ஆட்டம் கெடும். பயிற்சியிலேயே சந்தேகப் பந்துகளை உள்ளே என்று கொடுக்கப் பழக்கினோம். பாயின்டுக்கு பாயின்ட் நடுவே கோச் பேசலாம் என்பது கல்லூரி டென்னிஸில் பெரிய வசதி. எங்கள் கோச் அதைக் கீழ் மூன்று கோர்ட்டுகளில்தான் அதிகம் செலவழித்தார்.

மார்ச்சில் வடக்கத்திக் கல்லூரிகள் பலவும் வசந்த விடுமுறையில் ஃப்ளோரிடா பக்கம் போய் ஆடும். நாங்களும் போனோம். குளிர்கால உள்ளரங்கத்திலிருந்து நேராக வெயிலுக்கும் காற்றுக்கும். முதல் இரண்டு நாள் டாஸ் போட்ட பந்து காற்றில் எங்கோ போகும். அங்கே எங்கள் மூன்றாம் இடத்துப் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. விதிப்படி எல்லோரும் ஒரு படி ஏறினார்கள். ஏழாவதாக இருந்தவள் ஆறாம் இடத்துக்கு வந்தாள், கூடையும் பந்துமாகக் கோர்ட்டுக்குப் போனாள் என்றேனே, அவள்தான். மூன்றாம் இரட்டையருக்கு அதுவரை அணிக்காக ஆடவே ஆடாத எட்டாவது பெண் வந்தாள். அவளுக்குச் சைகைகள் எல்லாம் தெரிந்திருந்தன, எந்தப் பக்கம் நிற்பது என்றும் தெரிந்திருந்தது. முதல் மேட்சில் அந்த ஜோடி தோற்றது. அடுத்ததிலிருந்து ஜெயிக்கத் தொடங்கினார்கள். ஆறாம் இடத்தில் ஏறியவள், காயப்பட்டவள் திரும்பி வந்த பிறகும் இறங்கவில்லை. வேறொருத்தி இறங்கவேண்டி வந்தது. கோச் அவளையும் நேரில் கூப்பிட்டுப் பேசினார்.

சீசன் முடிவில் ஜெயித்தவை தோற்றவற்றைவிட அதிகம் இருந்தன. எங்கள் கான்ஃபரன்ஸ், அதாவது எங்கள் கல்லூரி சேர்ந்திருந்த கூட்டமைப்பின் போட்டியில் முதல் சுற்றிலேயே பலமான அணியிடம் தோற்றோம், அதில் அதிசயம் இல்லை. ஆனால் நெருக்கமான மேட்ச்களில் பெரும்பாலும் எங்கள் கையே ஓங்கியிருந்தது. ஏப்ரல் காற்றில் சொந்த மைதானத்தில் ஆடிய ஒரு மேட்ச் அப்படியே கண்முன் நிற்கிறது. இரட்டையரில் 2-1. ஒற்றையரில் முதல் மூன்று இடங்களும் தோல்வி, என்னுடையதும் சேர்த்து. நாலு, ஐந்து, ஆறு மூன்றும் எங்களுக்கு. 5-4. கீழே ஆடிய அந்த மூன்று பேரில் இருவர் அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்கள்.

இங்கிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு முயற்சி செய்கிறவர்கள் கோச்சிடம் பேசும்போது உதவித்தொகையோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலதையும் கேளுங்கள். இப்போது ஆடும் ஆறு பேரில் நான் சேரும் வருடத்தில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? அணியில் மொத்தம் எத்தனை பேர், முதல் ஆறுக்கு வெளியே இருப்பவர்களுக்கு எத்தனை மேட்ச் கிடைக்கிறது? சேலஞ்ச் மேட்ச் உண்டா, எப்படி நடத்துவீர்கள்? உள்ளரங்கக் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறதா, பயண தூரமா? மாலை ஆய்வகம் இருக்கும் பாடத்தை எடுத்தவர்கள் பயிற்சியை எப்படிச் சமாளிக்கிறார்கள்? கோச் தடுமாறாமல் பதில் சொன்னால் நல்லது. பதில்களைச் சரிபார்க்கவும் முடியும். பெரும்பாலான கல்லூரிகள் ஒவ்வொரு மேட்சின் ஸ்கோரையும் இடவாரியாகத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் போட்டு வைக்கின்றன. கடைசி இரண்டு சீசனை எடுத்து, நாங்கள் செய்தது போல ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு கோச்சைக் கூப்பிடுங்கள்.